பாதிக் கதையில் நின்றுபோகும் பேட்டரி: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் காதால் படிக்கிற கருவிகளைப் பற்றி எழுதியிருந்தேன். டெய்சி பிளேயர் (பார்வையில்லாதவர்களுக்கென்றே செய்த ஒலிப்புத்தகக் கருவி), மெமரி கார்டு போட்டுக் கேட்கிற சின்ன பிளேயர், போன், இதெல்லாம். எதில் தமிழ் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது, எது மலிவு என்றெல்லாம் கேட்டு எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி பேட்டரி பற்றித்தான். அதுவும் நியாயம்தானே, கண்ணால் படிக்கிறவர்களுக்குப் புத்தகம் நடுவில் அணைந்துபோவதில்லை. எனக்குப் பார்வை போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதனால் என் பதில்களில் விரலுக்கும் காதுக்கும் கொஞ்சம் வேலை கூடுதலாக இருக்கும். பார்வை உள்ளவர்களும் செய்து பார்க்கலாம், தப்பில்லை.

என் டெய்சி பிளேயர் வாங்கிய புதிதில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் ஓடும். எட்டு வருஷம் ஆகிறது, இப்போது இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. கடையில் சாமானே போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

அவசரப்பட வேண்டாம் சார். சார்ஜர் வயரைச் செருகியபடியே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போது ஒழுங்காக ஓடி, வயரைப் பிடுங்கியதும் சீக்கிரம் நிற்கிறது என்றால் பிளேயர் நன்றாகத்தான் இருக்கிறது, வயசானது பேட்டரிக்கு மட்டும். லித்தியம் பேட்டரி சுமார் முந்நூறிலிருந்து ஐந்நூறு தடவை முழுசாக ஏறி இறங்கினாலே தளர ஆரம்பித்துவிடும். பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் அதற்கு வயசாகும். எட்டு வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

இனிப் பேட்டரி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் பழைய மாடல்கள், பிளெக்ஸ்டாக் பாக்கெட் மாதிரியானவற்றில் பின்பக்க மூடியைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும், கடைக்கு எடுத்துக்கொண்டு போய் இதே மாதிரி வேண்டும் என்று கேட்கலாம். மூடியே இல்லாமல் ஸ்குரூ போட்டு அடைத்திருந்தால் செல்போன் ரிப்பேர் கடைப் பையன் யாராவது திறந்து பார்க்க வேண்டியிருக்கும். உள்ளே பெரும்பாலும் வெள்ளிக் காகிதப் பொட்டலம் மாதிரி ஒன்று, சிவப்பு கறுப்பு இரண்டு வயரோடு இருக்கும். அதன் மேல் 503450 என்கிற மாதிரி ஆறு இலக்க எண் இருந்தால் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது மாடல் நம்பர் இல்லை, அளவு. தடிமன் 5 மில்லிமீட்டர், அகலம் 34, நீளம் 50 என்று அர்த்தம். தடிமன் கூடாமல், இடம் கொள்கிற அளவில், பழையதில் போட்டிருக்கிற அதே வோல்ட் (பெரும்பாலும் 3.7) உள்ள பேட்டரி சரிப்படும். வயர் ஓரத்தில் மஞ்சள் டேப்புக்குள் குட்டி சர்க்யூட் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் காக்கிற சர்க்யூட் அது, அது இல்லாத பேட்டரியை வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனியே தயாரிப்பதை நிறுத்திவிட்ட மாடலுக்கு 'ஒரிஜினல், பேக் பிரிக்காதது' என்று யாராவது பேட்டரி விற்றால் பூரித்துப்போக வேண்டாம், அதுவும் உங்கள் பேட்டரியோடு பிறந்து ஒரு குடோனில் தூங்கிக்கொண்டிருந்ததாக இருக்கும். நான் அப்படி ஒன்று வாங்கினேன். பழையது இரண்டு மணி நேரம் ஓடியது, புதுசு இரண்டேகால்.

என் அம்மாவுக்கு 78 வயசு, பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. கிராமத்தில் தனியாக இருக்கிறார். கதை, பக்திப் பாட்டு, சொற்பொழிவு எல்லாம் கார்டில் ஏற்றிக் கொடுக்க நினைக்கிறேன். சார்ஜ் போடுகிறதா, செல் போடுகிறதா, எது வாங்கலாம்? (வாசகர், கோவை)

இந்த இதழின் எல்லாக் கேள்விகளுக்கும் பொதுவாக நான் சொல்லக்கூடிய ஒரே விஷயத்தை உங்கள் அம்மாவை வைத்தே சொல்லிவிடுகிறேன். பெட்டி மேல் எத்தனை மணி நேரம் ஓடும் என்று அச்சடித்திருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். பேட்டரி அவர் கையாலேயே கழன்று வருமா, மாற்று பேட்டரி பக்கத்துக் கடைத்தெருவில் கிடைக்குமா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். இருபது மணி நேரம் ஓடுகிற பேட்டரியும் சில வருஷத்தில் தளர்ந்துவிடும், அப்போது நீங்கள் கோவையில் இருப்பீர்கள்.

சொல்லப்போனால் நம் ஊரில் இதற்கு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. நோக்கியா 1100 போன் ஞாபகம் இருக்கிறதா, 2003-இல் வந்தது? அதில் போட்ட பிஎல்-5சி பேட்டரி இன்றைக்கும் சாகவில்லை. மெமரி கார்டு போடுகிற எஃப்எம் ரேடியோ, ஸ்பீக்கர் பெட்டி நிறைய இதே பேட்டரியில்தான் ஓடுகிறது. எந்த ஊர் செல்போன் கடையிலும் 'ஃபைவ் சி பேட்டரி' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்த மாதிரி பிளேயர் ஒன்றும் பேட்டரி இரண்டும் வாங்கிக் கொடுங்கள். இரண்டு பேட்டரியில் ஒன்றின் முதுகில் சின்னதாக ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் எது ஓடினது, எது மிச்சம் என்று தடவியே தெரிந்துகொள்வார். கழற்றிய பேட்டரியை இரண்டு கம்பியால் கவ்விப் பிடித்து சார்ஜ் போடும் மலிவு சார்ஜர் ஒன்று விற்பார்கள், அது வேண்டாம். நிறைந்ததும் நிறுத்தத் தெரியாதவை அதில் அதிகம். பேட்டரியைப் பிளேயருக்குள் போட்டே சார்ஜ் போடட்டும்.

போலி நிறைய உண்டு என்பதால் கொஞ்சம் நல்ல பெயருள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அசலிலேயே கோளாறு வந்ததுண்டு. 2007 ஆகஸ்டில் நோக்கியா, மட்சுஷிதா கம்பெனி செய்துகொடுத்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி எண்ணிக்கைக்கு, சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று அறிவிப்பு வெளியிட்டு மாற்றிக்கொடுக்க முன்வந்தது. அசல் கதையே அப்படி என்றால் போலி கதையைக் கேட்கவே வேண்டாம்.

கடையில் வாங்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். பேட்டரியைக் கண்ணாடி மேஜையில் படுக்க வைத்து ஒரு ஓரத்தில் விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல பேட்டரி அரைச் சுற்றுக்கூடச் சுற்றாமல் ஒட்டினாற்போல் நின்றுவிடும். பம்பரம் மாதிரி சுற்றினால் நடுவயிறு உப்பியிருக்கிறது என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் பேட்டரிக்கும் மாசம் ஒரு தடவை இதைச் செய்யலாம்.

பென்சில் செல் போடுகிற பிளேயரும் கெட்டதில்லை, கரன்ட் இல்லாத நாளில் அதுதான் கை கொடுக்கும். ஆனால் கிராமத்துப் பெட்டிக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் துத்தநாக-கார்பன் செல், ரிமோட்டுக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் சரி, தினம் நாலு மணி நேரம் ஸ்பீக்கரில் கதை கேட்டால் சீக்கிரமே காலி. ஆல்கலைன் என்று கேட்டு வாங்கினால் அதைப்போல மூன்று, நாலு மடங்கு ஓடும்.

பென்சில் செல் போடுகிற பிளேயருக்கு சார்ஜ் ஏற்றும் செல் வாங்கினேன். முழுசாக சார்ஜ் போட்டு மாட்டினாலும் 'பேட்டரி பாதி' என்கிறது. அப்புறம் பல மணி நேரம் அதே பாதிதான். கடைசியில் 'பேட்டரி குறைவு' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அணைந்துவிடுகிறது. செல் டூப்ளிகேட்டா? (கல்லூரி மாணவி, மதுரை)

செல் நல்ல செல்தாம்மா. பிளேயருக்குத்தான் அதன் குணம் தெரியவில்லை.

சாதா ஆல்கலைன் செல் புதிதில் 1.5 வோல்ட், ஓட ஓட மெதுவாகச் சரிந்துகொண்டே வரும். பிளேயர் அந்தச் சரிவைப் பார்த்துத்தான் முழுசு, பாதி, குறைவு என்று கணக்குப் போடுகிறது. நீ வாங்கியது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். அது 1.2 வோல்ட் பக்கத்தில் ஆரம்பித்து, கடைசிவரை கிட்டத்தட்ட அங்கேயே நின்று, தீரப்போகும்போது மாடிப்படியில் உருண்ட மாதிரி ஒரேயடியாக விழும். ஆல்கலைனில் 1.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், அதனால்தான் உன் பிளேயர் முதல் நிமிஷமே பாதி என்கிறது. சில கருவிகளில் மெனுவுக்குள் செல் வகை என்று ஒரு இடம் இருக்கும், அதை மாற்றிவிட்டால் கணக்கு ஓரளவு சரியாகும். இல்லாவிட்டால் அது சொல்வதை நம்பாதே. ஒரு ஜோடி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மாற்றிவிடு.

இன்னொன்று, சார்ஜ் ஏற்றி மேஜை டிராயரில் வைத்த செல் ஒரு மாசம் கழித்து எடுத்தால் தானாகவே கால்வாசி இறங்கியிருக்கும், பழைய ரகங்களில் இது பெரிய தொல்லை. 2005-இல் சான்யோ கம்பெனி எனலூப் என்று ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான் ஒரு வருஷம் கழித்தும் சார்ஜ் நிற்கிற செல் பரவலானது (இப்போது அது பானாசோனிக் கையில்). மற்ற கம்பெனிகளும் இந்த ரகம் செய்கின்றன. செல் மேல் 2000 எம்ஏஎச் (செல்லுக்குள் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்கிற அளவு) என்று அடக்கமாகப் போட்டிருப்பதை வாங்கு, 3500, 4000 என்று போட்ட பென்சில் செல் பொய் சொல்கிறது.

ஒரு ஜோடியை எப்போதும் ஜோடியாகவே வைத்துக்கொள். நான் ஒவ்வொரு ஜோடிக்கும் ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன், ஒரு சுற்று என்றால் ஏறியது, இரண்டு சுற்று என்றால் ஏற்ற வேண்டியது. புதுசையும் பழசையும் கலந்து போட்டால் பழைய செல் முதலில் காலியாகி, புதுசு அதைத் தலைகீழாக இழுக்க ஆரம்பிக்கும், அங்கேதான் செல் கசிவது. கசிந்து உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிட்டால், ஆல்கலைன் செல்லாக இருந்தால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டு அந்த ஸ்பிரிங்கைத் துடைத்துக் காயவிடு, பல சமயம் பிழைத்துக்கொள்ளும்.

இதைப் படிக்கிற பார்வையில்லாதவர்கள் எல்லாருக்குமாக ஒன்று. 14500 என்று ஒரு லித்தியம் செல் இருக்கிறது. கையில் பிடித்தால் பென்சில் செல்லேதான், அதே நீளம், அதே பருமன். ஆனால் 3.7 வோல்ட். இரண்டை உள்ளே தள்ளினால் மூன்று வோல்ட் எதிர்பார்க்கிற பிளேயருக்குள் ஏழுக்கு மேல் போகும், புகைதான் வரும். டார்ச் லைட்டோடு வந்த செல்லை யாராவது அன்பாக எடுத்துக் கொடுத்தால், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் போடுங்கள்.

டப்பாவில் புது செல்லும் பழைய செல்லும் கலந்துவிட்டது. பார்க்காமல் பிரிக்க வழி உண்டா? (வாசகி, திண்டுக்கல்)

உண்டு. ஆல்கலைன் செல்லாக இருந்தால், தட்டை முனை கீழே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, கடப்பா கல் மேடை மாதிரி கெட்டியான இடத்தில் ஓரங்குல உயரத்திலிருந்து விட்டுவிடுங்கள். புது செல் 'தொப்' என்று விழுந்து நிற்கப் பார்க்கும், ஓடிய செல் 'டக் டக்' என்று துள்ளிக் கவிழும். உள்ளே துத்தநாகம் களிம்பு மாதிரி இருப்பதால் புதிதில் அடியை வாங்கிக்கொள்கிறது, ஓட ஓட அது ஆக்சைடாகிக் கெட்டிப்படும், அப்போது துள்ளும். 2015-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தார்கள். அதில் தெரிந்தது, பாதி தீர்வதற்குள்ளேயே துள்ளல் உச்சத்துக்குப் போய்விடுகிறது, அதற்குமேல் கூடுவதில்லை. ஆக, துள்ளினால் செத்துப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள், 'புதுசு இல்லை' என்பது மட்டும்தான் தெரியும். சார்ஜ் ஏற்றும் செல்லுக்கு இந்த வித்தை பலிக்காது.

டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிறேன். போனில் டாக்பேக் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற ஆண்ட்ராய்டு வசதி) வைத்துப் பாடங்களைக் கேட்டால் மதியத்துக்குள் சார்ஜ் போய்விடுகிறது. சரி என்று பவர்பேங்க் வாங்கி என் பழைய பிளேயரில் மாட்டினால் பவர்பேங்க் தானாகவே அணைந்துவிடுகிறது. (தேர்வர், விழுப்புரம்)

முதலில் பவர்பேங்க். எதுவும் மாட்டவில்லை என்றால் தானே அணைந்துகொள்கிற மாதிரித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உங்கள் பிளேயர் உறிஞ்சுகிற கரன்ட் மிகக் கொஞ்சம் என்பதால், யாருமே இல்லை என்று நினைத்து அது கடையைச் சாத்துகிறது. சில பவர்பேங்குகளில் பட்டனை இரண்டு தடவை தட்டினால் சின்னக் கருவிகளுக்கான நிலைக்கு மாறும், உங்களுடையதில் அது உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் போனையும் சேர்த்து மாட்டிவிடுங்கள், விழித்துக்கொண்டு இருக்கும். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே 3.7 வோல்ட்டில் போட்ட கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும்போது சுமார் ஆறாயிரம்தான் கைக்கு வரும், ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

போனில் அதிகம் தின்பது திரைதான், அப்புறம் நெட். நமக்குத் திரை எதற்கு? டாக்பேக்கில் திரையை மறைக்கிற வசதி இருக்கிறது, ஐபோனில் அதற்குப் பெயர் ஸ்கிரீன் கர்ட்டன். சுகம்யா புஸ்தகாலயா (பார்வையில்லாதவர்களுக்கான ஆன்லைன் நூலகம்) மாதிரி இடங்களிலிருந்து எடுக்கும் புத்தகங்களை இரவே இறக்கி வைத்துக்கொண்டு, படிக்கும்போது டேட்டாவை அணைத்துவிடுங்கள். புளூடூத் இயர்போனைவிட வயர் இயர்போன் சிக்கனம், அதற்கென்று தனியாக இன்னொரு பேட்டரியைக் கட்டி மேய்க்கவும் வேண்டாம். ஆனால் என்னைக் கேட்டால், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய பாடங்களை எம்பி3 ஆக்கிப் பிளேயருக்கு மாற்றிவிட்டு, போனைப் போனாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நேரத்தில் போன் கையில் இருந்தால் சார்ஜ் மட்டுமா போகிறது?

18650 பேட்டரி, 9900 எம்ஏஎச் என்று மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

வேண்டாம். 18650 என்பது உருளை மாதிரியான லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்தப் பெயர். அந்த இடத்துக்குள் நல்ல கம்பெனிகள் அடைப்பதே சுமார் 3500 வரைதான். 9900 என்பது ஸ்டிக்கரில் மட்டும் இருக்கிறது. கையில் எடுத்து எடை பாருங்கள், அசல் சுமார் 45 கிராம் இருக்கும், இது பெரும்பாலும் லேசாக இருக்கும்.

சிங்கப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன். பிளேயர், இரண்டு உபரி பேட்டரி, 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் கொண்டுபோகலாமா? (வாசகி, காரைக்குடி)

தாராளமாக. ஆனால் உபரி பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. 100 வாட் அவர் வரை தனி அனுமதி தேவையில்லை, உங்கள் பவர்பேங்க் 74 (20,000 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது). பேட்டரியின் உலோக முனைகளில் டேப் ஒட்டித் தனித்தனி உறையில் போடுங்கள், சாவியோடும் சில்லறையோடும் உருளவிடாதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர்பேங்கால் சார்ஜ் போட விடுவதில்லை. அதனால் ஏறுவதற்கு முன்னாலேயே பிளேயரை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிளேயர் பேட்டரி உப்பிவிட்டது, மூடி மூடவில்லை. ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா? (வாசகர், வேலூர்)

ஐயோ, வேண்டவே வேண்டாம். ஊசி உள்ளே இரண்டு தகடுகளையும் தொட்டுவிட்டால் அங்கேயே தீப்பிடிக்கும், பார்வையில்லாத நமக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடத் தெரியாது. மூடியை அழுத்தி ரப்பர் பேண்ட் போடுவதும் வேண்டாம், இன்னொரு தடவை சார்ஜும் போடாதீர்கள். மெதுவாகக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, ஒரு பழைய மண் சட்டியில் மணல் போட்டு அதற்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, குப்பை வண்டிக்குள் நசுங்கினால் அங்கே பற்றிக்கொள்ளும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்ப வாங்குவது தயாரிப்பாளர் பொறுப்பு, அந்தக் கம்பெனிக் கடையிலோ மின்கழிவு வாங்குகிற இடத்திலோ கொடுத்துவிடுங்கள். வேலூர் வெயிலில் பிளேயரை ஜன்னல் மேடையில் வைத்து ராத்திரி பகலாக சார்ஜரிலேயே போட்டு வைத்திருந்தீர்களா? பெரும்பாலும் அப்படித்தான் உப்பியிருக்கும். அடுத்த பேட்டரியை நிழலில் வைத்து, நிறைந்ததும் வயரைப் பிடுங்கிவிடுங்கள்.